லென்ஸ் கூர்மை: ஃபிலிம் படத்தில் அது எவ்வளவு தெரியும்?

முதல் ரோலைக் கழுவி, ஸ்கேன் செய்து வாங்கிப் பார்க்கும்போது படங்கள் கொஞ்சம் மங்கலாக இருந்தால், பழி நேராக லென்ஸின் தலையில் விழுகிறது. எந்த 50 எம்எம் லென்ஸ் கூர்மையானது என்று நாலு நாள் தேடி, இன்னொன்றை வாங்கி மாட்டி, அடுத்த ரோலையும் எடுத்தால், அதுவும் பெரும்பாலும் அதே மங்கலோடுதான் வந்து நிற்கும். லென்ஸில் பிழை இல்லாதபோது லென்ஸை மாற்றி என்ன பயன்?

ஃபிலிமில் ஒரு படம் நம் கண்ணுக்கு வந்து சேர்வதற்குள் பல கை மாறுகிறது. ஃபோகஸ், ஷட்டர் வேகம், கேமராவைப் பிடித்த கை, லென்ஸ், ஃபிலிம், டெவலப்பர், ஸ்கேனர், கடைசியாகத் திரை அல்லது பிரிண்ட். ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் நுணுக்கம் சிந்துகிறது. அன்றாடம் எடுக்கும் படங்களில் அதிகம் சிந்துவது லென்ஸில் அல்ல. எங்கே, எவ்வளவு என்பதை எண்களோடு பார்த்தால்தான் இது மனதில் பதியும்.

கூர்மை என்று எதைச் சொல்கிறோம்?

பேச்சில் ஒரே சொல்லாக இருந்தாலும் இதற்குள் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, பிரித்துக் காட்டும் திறன். ஒரு கறுப்புக் கோடும் அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்தது ஓர் இணை. ஒரு மில்லிமீட்டருக்குள் இப்படி எத்தனை இணைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் காட்ட முடிகிறது என்பதே அளவு. நல்ல நிலையில் உள்ள சாதாரண 50 எம்எம் லென்ஸ், எஃப்/8-ல் (லென்ஸின் ஒளித்துளை அளவு இது; எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) வைத்தால் படத்தின் நடுப்பகுதியில் தினசரிப் படங்களுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே காட்டும்.

இன்னொன்று காண்ட்ராஸ்ட். கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தாலும் கறுப்பு சாம்பலாகவும் வெள்ளை மங்கலாகவும் இருந்தால் படம் சோகையாகத் தெரியும். இதற்கு நேர்மாறாக, மிக நுண்ணிய விவரம் எதுவும் இல்லாமலேயே, விளிம்புகளில் கறுப்பும் வெள்ளையும் பளிச்சென்று பிரிந்திருந்தால் கண் அதைக் 'கூர்மையான படம்' என்று ஏற்றுக்கொள்ளும். கைரேகை படிந்த லென்ஸும், உள்ளே லேசாகப் புகை படர்ந்த லென்ஸும் கெடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான். ஒரு நல்ல லென்ஸ் மந்தமாகத் தெரிகிறதென்றால் துணியால் துடைத்தாலே பாதி சரியாகிவிடுவது இதனால்தான்.

எண்களில் பார்த்தால்

ஃபிலிமிலிருந்து தொடங்குவோம். ஃபிலிம் தயாரிப்பாளர்கள் தரும் தகவல் தாளில் பிரிதிறனுக்கு இரண்டு எண்கள் இருக்கும். ஃபூஜி சுப்பீரியா எக்ஸ்-டிரா 400-க்கு மில்லிமீட்டருக்கு 125 கோடுகள், 50 கோடுகள் என்று இரண்டு (இங்கே கோடு என்பது மேலே சொன்ன இணைதான்). கோடாக் டி-மேக்ஸ் 100-க்கு 200, 63. பெரிய எண், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் 1000:1 வேறுபாடு உள்ள சோதனை அட்டையை வைத்து எடுத்தது. சிறிய எண், அந்த வேறுபாடு 1.6:1 மட்டுமே இருக்கும்போது கிடைத்தது. முகத்தின் தோல், துணியின் நெசவு, சுவரின் சொரசொரப்பு, மரத்தின் இலைகள் என்று நாம் எடுப்பவற்றின் நுண்விவரங்கள் பெரும்பாலும் இரண்டாவது எண்ணின் பக்கம்தான் இருக்கின்றன. ஆகவே சாதாரண 400 வேக (ஒளியுணர்வு எண் 400) கலர் ஃபிலிமில் உண்மையாகப் பதிவது மில்லிமீட்டருக்கு 50, 60 இணைகள் அளவில்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

லென்ஸையும் ஃபிலிமையும் சேர்த்தால் எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்கப் பழைய கட்டைவிரல் கணக்கு ஒன்று உண்டு. லென்ஸின் எண்ணைத் தலைகீழாக்கி, ஃபிலிமின் எண்ணைத் தலைகீழாக்கி, இரண்டையும் கூட்டி, விடையை மறுபடி தலைகீழாக்க வேண்டும். ஃபிலிம் 60, லென்ஸ் 60 என்றால் கிடைப்பது 30. லென்ஸை மாற்றி, இரண்டு மடங்கு கூர்மையான, 120 இணை காட்டும் லென்ஸைப் போட்டால் கிடைப்பது 40. இரட்டிப்பு லென்ஸ், மூன்றில் ஒரு பங்கு லாபம்.

இதோடு கணக்கு முடியவில்லை, அடுத்து ஸ்கேன். 35 எம்எம் ஃப்ரேமின் நீளம் 36 மில்லிமீட்டர். நீளவாக்கில் 3000 பிக்சல் வரும் ஸ்கேன் என்றால் மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 83 பிக்சல். ஓர் இணையைக் காட்டக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும் என்பதால் அதிகபட்சம் 41 இணைகள். இதையும் அதே கணக்கில் சேர்த்தால் முதல் லென்ஸுக்கு 17, இரண்டாவது லென்ஸுக்கு 20. இரண்டு மடங்கு கூர்மை என்று வாங்கியது கையில் வந்து சேரும்போது ஆறில் ஒரு பங்கு லாபமாகச் சுருங்கிவிட்டது. நீளவாக்கில் 1800 பிக்சல் மட்டும் வரும் மலிவான ஸ்கேன் என்றால், மில்லிமீட்டருக்கு 25 இணைக்கு மேல் எதையும் அந்தக் கோப்பில் வைக்கவே முடியாது. எந்த லென்ஸில் எடுத்தீர்கள் என்பதே அங்கே அடிபட்டுப் போகிறது.

இது துல்லியமான இயற்பியல் சூத்திரம் அல்ல, தோராயக் கணக்குதான். ஆனால் போக்கைச் சரியாகக் காட்டும்: சங்கிலியில் எது பலவீனமோ அதைச் சரிசெய்தால் பலன் கொட்டும், ஏற்கனவே வலுவாக இருப்பதை இன்னும் வலுவாக்கினால் சொட்டும்.

வீட்டில் பிளாட்பெட் ஸ்கேனரில் ஸ்கேன் செய்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பெட்டியில் 6400 டிபிஐ என்று போட்டிருந்தாலும் உண்மையில் பிரித்துக் காட்டுவது அதைவிட மிகக் குறைவு. கோப்பு பெரிதாகும், விவரம் கூடாது. அதோடு, நெகட்டிவ் ஹோல்டரின் உயரம் அரை மில்லிமீட்டர் முன்பின் ஆனாலும் ஸ்கேனே ஃபோகஸ் தவறிவிடும். வளைந்த நெகட்டிவை இரண்டு நாள் கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துத் தட்டையாக்குவது, புது லென்ஸ் வாங்குவதைவிடப் பல நேரம் அதிகக் கூர்மையைத் தரும்.

எவ்வளவு பெரிதாகப் பார்க்கிறீர்கள்?

25 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்க்கும் பிரிண்டில், கண் மில்லிமீட்டருக்கு ஆறு ஏழு இணைகளுக்கு மேல் பிரித்தறியாது. 4×6 அங்குல பிரிண்ட், நெகட்டிவைவிட 4.2 மடங்கு பெரிது. அப்படியானால் நெகட்டிவில் மில்லிமீட்டருக்கு 25 இணை இருந்தாலே அந்த பிரிண்ட் கத்தி மாதிரி தெரியும். 8×10 அங்குலத்துக்கு 8.5 மடங்கு, அதாவது 50 இணை. 16×20-க்கு 17 மடங்கு. கிட்டப்போய் மூக்கை வைத்துப் பார்த்தாலும் குறை தெரியக் கூடாதென்றால் 100 இணை வேண்டும். ஆனால் அவ்வளவு பெரிய படத்தை யாரும் ஒரு சாண் தூரத்தில் நின்று பார்ப்பதில்லை.

கைப்பேசித் திரைக்கு 1080 பிக்சல் அகலத்தில் போடுகிற படம் என்றால் கணக்கு இன்னும் சுருங்கும்: மில்லிமீட்டருக்கு 15 இணை. ஏறக்குறைய எந்தக் கண்ணாடி லென்ஸும் இதைத் தாண்டிவிடும். சமூக ஊடகத்துக்காகவே எடுப்பவர் லென்ஸ் கூர்மையைப் பற்றிக் கவலைப்படுவது, சைக்கிளில் போகிறவர் விமான எரிபொருளின் தரத்தை ஆராய்வது போலத்தான்.

இந்த உருப்பெருக்கக் கணக்கிலிருந்து இன்னொரு உண்மையும் வெளிப்படுகிறது. 35 எம்எம்-ஐவிட அகலமான 120 ரோலில் 6×6 நெகட்டிவின் பக்கம் 56 மில்லிமீட்டர். 8 அங்குல பிரிண்டுக்கு அது 3.6 மடங்கு பெரிதானால் போதும். 35 எம்எம் நெகட்டிவோ 8.5 மடங்கு பெரிதாக வேண்டும். யாஷிகா-மேட் 124ஜி கேமராவில் இருக்கும் எளிய நான்கு கண்ணாடி லென்ஸ், மிகச் சிறந்த 35 எம்எம் லென்ஸைச் சுலபமாக ஓரம் கட்டுவதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, நெகட்டிவின் பரப்பு. நுணுக்கமே குறி என்றால், லென்ஸுக்குச் செலவழிப்பதைவிடப் பெரிய நெகட்டிவுக்கு மாறுவது நேர்வழி.

மங்கலைப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பது

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே அதிகம் பயன்படும் பகுதி. மங்கல் என்பது ஒரே வகை அல்ல. எப்படி மங்கியிருக்கிறது என்பதிலேயே காரணம் எழுதியிருக்கும்.

முதலில் ஃபிலிமின் கிரெயினை, அதாவது படத்தை உருவாக்கும் நுண்துகள்களைப் பாருங்கள். ஸ்கேன் போதிய அளவு பெரிதாக இருந்தால், வெறும் வானம் அல்லது சுவர் உள்ள இடத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கிரெயின் துகள் துகளாகத் தெளிவாக இருந்து, எடுத்த பொருள் மட்டும் மங்கலாக இருந்தால் ஸ்கேனர் மேல் பிழையில்லை. எடுக்கும்போது ஏதோ நடந்திருக்கிறது. கிரெயினே பஞ்சு மாதிரி கரைந்திருந்தால் ஸ்கேனரின் ஃபோகஸ் போய்விட்டது, அல்லது லேபில் துகள்களை மழுப்பும் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' வசதியைத் தாராளமாகப் போட்டுவிட்டார்கள். அந்த நெகட்டிவை லைட் டேபிளில் வைத்து 10 மடங்கு லூப்பில் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கியில்) பார்த்தால் சந்தேகம் தீரும். லூப்பில் கூர்மையாக இருப்பது ஸ்கேனில் மங்கலாக இருந்தால், லென்ஸ் நிரபராதி.

அடுத்து, மங்கலுக்குத் திசை இருக்கிறதா என்று பாருங்கள். தெருவிளக்கு, கண்ணில் தெரியும் வெளிச்சப் புள்ளி, தண்ணீரில் மின்னும் ஒளி போன்ற சிறு புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கமாகக் கோடாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் கேமரா ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு திரும்பினால் போதும், 50 எம்எம் லென்ஸில் பிம்பம் ஃபிலிமின் மேல் 0.04 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். அந்த ஒரு அசைவு, மில்லிமீட்டருக்கு 25 இணைக்கு மேல் உள்ள விவரத்தையெல்லாம் குழப்பிவிடும். 120 இணை காட்டும் லென்ஸ் இருந்தாலும் 50 இணை காட்டும் லென்ஸ் இருந்தாலும் அப்போது ஒன்றுதான். குவியத் தூரத்தைத் தலைகீழாக்கி ஷட்டர் வேகமாக வைப்பது, அதாவது 50 எம்எம்-க்கு 1/60 நொடி என்கிற பழைய விதி, சிறிய பிரிண்டுக்குப் போதுமான குறைந்தபட்ச அளவு. கூர்மை முக்கியம் என்றால் 1/250-க்குப் போங்கள். எஸ்எல்ஆர் கேமராவில் (லென்ஸ் காட்டுவதையே உள்ளே சாய்ந்திருக்கும் முகக்கண்ணாடி வழியாகப் பார்க்கும் கேமரா) 1/15 முதல் 1/2 நொடிவரை உள்ள வேகங்களில், ட்ரைபாடில் வைத்தாலும், அந்த முகக்கண்ணாடி மேலே அடிக்கும் அதிர்வு படத்தைத் தொடும்.

பின்னணி கூர்மையாக இருந்து நடந்துபோகிற ஆள் மட்டும் மங்கியிருந்தால் அது அவருடைய அசைவு. சராசரி நடை நொடிக்கு 1.4 மீட்டர். மூன்று மீட்டர் தூரத்தில் ஒருவர் கேமராவுக்குக் குறுக்காக நடக்கிறார், லென்ஸ் 50 எம்எம், ஷட்டர் 1/60 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அவர் 23 மில்லிமீட்டர் நகர்ந்திருப்பார். ஃபிலிமில் அது 0.4 மில்லிமீட்டர். கூர்மை என்று சொல்லக்கூடிய எல்லையாக 35 எம்எம் ஃபிலிமுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மங்கல் வட்டம் 0.03 மில்லிமீட்டர். அதைப்போலப் பதின்மூன்று மடங்கு! 1/500 வைத்தாலும் 0.05 மில்லிமீட்டர் வருகிறது. தெருவில் எடுக்கிறவர்களுக்கு வேகமான ஷட்டரும், அதைத் தாங்கும் 400 ஃபிலிமும்தான் உண்மையான கூர்மை லென்ஸ். கேமராவை நோக்கி நேராக நடந்து வருபவருக்கு இந்த நகர்வு மிகக் குறைவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, படத்தில் ஏதாவது ஓர் இடமாவது கூர்மையாக இருக்கிறதா என்று தேடுங்கள். முகம் மங்கல், ஆனால் காதுக்குப் பின்னால் இருக்கும் தலைமுடி பளிச்சென்று இருக்கிறது என்றால் ஃபோகஸ் பின்னால் போயிருக்கிறது. 50 எம்எம் லென்ஸில் எஃப்/2 வைத்து, இரண்டு மீட்டர் தூரத்தில், ஃபோகஸ் பத்து சென்டிமீட்டர் பின்னால் விழுந்தால் கண்ணின் ஒவ்வொரு புள்ளியும் ஃபிலிமில் 0.03 மில்லிமீட்டர் வட்டமாக விரிகிறது. எஃப்/1.4 என்றால் 0.04-ஐத் தாண்டும். இது ஒரே ஒரு படத்தில் நடந்தால் கவனப் பிசகு. ஒவ்வொரு படத்திலும் ஒரே பக்கமாகவே தவறினால் கேமராவில் கோளாறு: ரேஞ்ச்ஃபைண்டர் (இரட்டைப் பிம்பத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் வைக்கும் கேமரா) என்றால் அதன் சீரமைப்பு நகர்ந்திருக்கும்; எஸ்எல்ஆர் என்றால் ஃபோகஸ் திரை சரியாக உட்காரவில்லை, அல்லது முகக்கண்ணாடி கீழே இறங்கும் இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சு மக்கிப்போய் அதன் கோணம் மாறியிருக்கும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் வியூஃபைண்டரில் தங்கள் பார்வைக்குத் தகுந்த லென்ஸ் பொருத்திக்கொள்ளாததும் ஒரு சாதாரணக் காரணம்.

தூரத்தைக் குத்துமதிப்பாக வைக்கும் சின்ன கேமராக்களில் இது இன்னும் சுலபமாக நடக்கும். ஒலிம்பஸ் டிரிப் 35-ஐ எடுத்துக்கொள்வோம். நான்கு கண்ணாடி 40 எம்எம் எஃப்/2.8 லென்ஸ், அதன் வயதுக்கு நல்ல கூர்மை. தூரத்துக்கு 1 மீட்டர், 1.5 மீட்டர், 3 மீட்டர், முடிவிலி என்று நான்கு படக்குறிகள். நல்ல வெயிலில் துளை எஃப்/11-க்குச் சுருங்கும்போது 3 மீட்டர் குறியில் வைத்தால், ஏறக்குறைய 1.9 மீட்டர் முதல் 8 மீட்டர்வரை எல்லாம் கூர்மையாக விழும். யாருக்கும் தவறவே தவறாது. மாலையில் துளை எஃப்/2.8-க்குத் திறந்துவிட்டால் அதே குறியில் 2.6 முதல் 3.6 மீட்டர்வரை மட்டுமே. அந்தக் கேமரா தானியங்கியாக வெளிச்சம் குறைந்ததும் 1/200-லிருந்து 1/40-க்கு வேறு இறங்கிவிடும். ஃபோகஸ் எல்லை சுருங்குகிறது, கை ஆடவும் நேரம் கிடைக்கிறது. 'பகலில் நன்றாக எடுக்கிறது, சாயங்காலம் லென்ஸ் மோசம்' என்று சொல்பவர்களின் கேமராவில் நடப்பது இதுதான்.

நான்காவதாகத்தான் லென்ஸின் வேலைகள் வருகின்றன. நடு பளிச்சென்று இருந்து நான்கு மூலைகளும் சமமாகக் கரைந்திருந்தால், அது லென்ஸின் இயல்பு. துளையைச் சுருக்கினால் குறையும். ஒரு பக்கம் மட்டும், எப்போதும் அதே பக்கம் மங்கினால் உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது. அந்த லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கலாம். வெளிச்சமான இடங்களைச் சுற்றிப் பால் மாதிரி ஒளி கசிந்தால், துளை முழுதும் திறந்திருக்கும்போது மட்டும் வருகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் அது கோளப் பிறழ்ச்சி (லென்ஸின் ஓரமும் நடுவும் ஒளியை ஒரே இடத்தில் குவிக்காத குறை), பழைய வேகமான லென்ஸ்களின் பிறவிக் குணம். சிலர் அதற்காகவே அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். எஃப்/8-லும் அதே கசிவு இருந்தால் உள்ளே புகை படர்ந்திருக்கிறது.

வெளிச்சம் குறைத்துப் பதிவான நெகட்டிவையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கலர் நெகட்டிவ் ஃபிலிமில் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதி) குறைவாகப் போனால் நிழல் பகுதி சேறாகி, கிரெயின் பெருத்து, விவரமே இல்லாதது போல இருக்கும். பார்ப்பவர் 'ஷார்ப்பாக இல்லை' என்பார். அது கூர்மைக் குறை அல்ல, ஒளிக் குறை. சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூடவே கொடுங்கள்; கலர் நெகட்டிவ் அதை அலட்டாமல் தாங்கும்.

கறுப்பு-வெள்ளையில் டெவலப்பரும் (ஃபிலிமைக் கழுவும் ரசாயனம்) கொஞ்சம் பேசும். டி-76 என்ற டெவலப்பரைத் தண்ணீர் சேர்க்காமல் நேராகப் பயன்படுத்தினால் அதிலுள்ள சல்ஃபைட் உப்பு கிரெயினின் விளிம்பைக் கரைத்து மென்மையாக்கும். ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்தால் கிரெயின் சற்று எடுப்பாகி, விளிம்பு கூராகத் தெரியும். ரோடினால் என்ற இன்னொரு டெவலப்பரை 1+50, அதாவது ஒரு பங்குக்கு 50 பங்கு தண்ணீர் கலந்தால் இன்னும் அதிகம். லென்ஸ் அதேதான், பார்வைக்கு மட்டும் கூர்மை கூடியிருக்கும்.

துளை ஒன்றே பாதி வித்தை

1902-ல் வந்த டெஸ்ஸார் வடிவமைப்பு, மூன்று தொகுதியில் நான்கு கண்ணாடி. அந்த வகை லென்ஸையும் ஆறேழு கண்ணாடி வைத்த எஃப்/1.4 லென்ஸையும் எஃப்/8-ல் வைத்து எடுத்துவிட்டு, 8×10 பிரிண்டில் எது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் பலரும் தடுமாறுவார்கள். பெரும்பாலான 35 எம்எம் கேமரா லென்ஸ்கள் எஃப்/5.6, எஃப்/8 பகுதியில் உச்சத்துக்கு வந்துவிடுகின்றன. விலை வித்தியாசம் தெரிவது எஃப்/1.4, எஃப்/2 பக்கத்தில்தான்.

சுருக்கினால் நல்லதுதானே என்று எஃப்/22-க்குப் போய்விடவும் கூடாது. சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு வட்டமாகப் பரவும். எஃப்/8-ல் அந்த வட்டத்தின் விட்டம் 0.011 மில்லிமீட்டர், கவலையில்லை. எஃப்/16-ல் 0.021. எஃப்/22-ல் 0.03, அதாவது மேலே சொன்ன மங்கல் எல்லையையே தொட்டுவிடுகிறது. இது இயற்பியல் விதி, எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் தப்பாது. முன்னிருந்து பின்வரை எல்லாம் ஃபோகஸில் வேண்டும் என்ற அவசியம் இருந்தால் எஃப்/16-ஐத் தயங்காமல் பயன்படுத்துங்கள். காரணமில்லாமல் அங்கே போக வேண்டாம்.

லென்ஸ் உண்மையிலேயே முக்கியமாகும் இடங்கள்

மங்கிய வெளிச்சத்தில் துளையை முழுதும் திறந்தே எடுப்பவருக்கு லென்ஸின் தரம் தெரியும். டி-மேக்ஸ் 100 அல்லது வெல்வியா 50 போன்ற நுண்கிரெயின் ஃபிலிம், ட்ரைபாட், கேபிள் ரிலீஸ், நல்ல ஸ்கேன், பெரிய பிரிண்ட் எல்லாம் சேர்ந்தால் மற்ற கட்டங்களில் கசிவு குறைவதால் லென்ஸே பலவீனமான கண்ணியாகும். அப்போது நல்ல லென்ஸ் வாங்குவதில் பொருள் இருக்கிறது. கட்டடங்களை மூலைவரை விவரத்தோடு எடுக்கவும் அப்படியே. 1970-களின் மலிவான ஜூம்கள் பலவற்றில் மூலைகள் எஃப்/8-லும் தேறாது. பிம்பத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கும் டெலிகன்வர்ட்டரை லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டினால் லென்ஸின் குறைகளும் இரண்டு மடங்கு பெரிதாகும்.

எதிர்வெளிச்சம் தனிக் கதை. சூரியனோ ஜன்னலோ ஃப்ரேமுக்குள்ளேயோ அதன் ஓரத்திலோ இருக்கும்போது பூச்சில்லாத பழைய லென்ஸ்கள் படம் முழுக்க வெள்ளைத் திரை போட்டுவிடும். பிரிதிறன் குறையாவிட்டாலும் காண்ட்ராஸ்ட் சரிந்துவிடும். இதற்கு முதல் மருந்து லென்ஸ் ஹூட். அது இல்லாவிட்டால் வெளிச்சம் விழும் பக்கம் உள்ளங்கையை நீட்டி மறையுங்கள், ஃப்ரேமுக்குள் விரல் நுழையாமல். கீறலும் அழுக்கும் பிடித்த யூவி ஃபில்டர் மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

இதையெல்லாம் வேண்டாம் என்று தள்ளுகிறவர்களும் உண்டு. 1932-ல் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலான அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் 'குரூப் எஃப்/64' என்று துளையின் எண்ணையே பெயராக வைத்துக் கூர்மையைக் கொடியாக உயர்த்தினார்கள். ஹோல்கா கேமராக்காரர்களோ ஒற்றை பிளாஸ்டிக் லென்ஸோடு, மூலை கரைவதையே விரும்பி எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் நல்ல படங்கள் இருக்கின்றன. தெரியாமல் மங்குவதுதான் தொந்தரவு, தெரிந்தே மங்குவது அல்ல.

ஒரு ரோலில் தீர்ப்பு

சந்தேகத்தோடு காலம் தள்ளுவதைவிட ஒரு 100 வேக ரோலைச் செலவழித்துவிடலாம். வெயில் நேராக விழாத, ஆனால் வெளிச்சமான நிழலில் ஒரு சுவரைத் தேர்ந்தெடுங்கள். அந்த வெளிச்சத்தில் எஃப்/8-க்கு 1/60 அளவில் மீட்டர் காட்டும். சுவரின் நடுவிலும் ஃப்ரேமின் நான்கு மூலைகள் விழும் இடங்களிலும் செய்தித்தாளை ஒட்டுங்கள். 50 எம்எம் லென்ஸுக்கு இரண்டரை மீட்டர் தூரத்தில் ட்ரைபாட். கேமரா சுவருக்கு நேர்ப்பக்கமாக இருக்கிறதா என்பதை அளந்தே பாருங்கள். சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் மங்கி, நல்ல லென்ஸின் மேல் வீண்பழி வரும்.

கேபிள் ரிலீஸ் அல்லது செல்ஃப் டைமரில் எஃப்/1.8, 2.8, 5.6, 8, 16 என்று ஐந்து ஃப்ரேம், ஷட்டரை ஈடுகட்டி மாற்றிக்கொண்டே. அடுத்து ட்ரைபாடிலிருந்து கழற்றி, அதே சுவரைக் கையில் பிடித்து, 1/500, 1/125, 1/60, 1/30 வேகங்களில் இரண்டிரண்டு ஃப்ரேம். மூன்றாவதாக ஃபோகஸ்: மேசையில் ஐந்து புத்தகங்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாக, ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில், முதுகு தெரியும்படி குறுக்காக நிறுத்துங்கள். ஒன்றரை மீட்டரிலிருந்து நடுப் புத்தகத்துக்கு ஃபோகஸ் வைத்து, முழுத் துளையில் மூன்று ஃப்ரேம், ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டுப் புதிதாக வைத்து. 50 எம்எம் எஃப்/1.8-ல் அந்தத் தூரத்தில் கூர்மையான பகுதி மொத்தமே பத்து சென்டிமீட்டர்தான், ஆகவே தவறினால் ஒளிக்க முடியாது. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எண், துளை, வேகம் மூன்றையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்; ரோல் கழுவி வரும்போது எதுவும் நினைவிருக்காது.

வந்ததும் நெகட்டிவையே லூப்பில் பாருங்கள், ஸ்கேனை அல்ல. ட்ரைபாடில் எடுத்த எஃப்/8 ஃப்ரேமில் செய்தித்தாளின் சிறு எழுத்து தெளிவாக இருந்து, கையில் பிடித்த 1/60-ல் கலைந்திருந்தால், திருத்த வேண்டியது பிடி. மூன்று முறையும் நான்காவது புத்தகமே கூர்மையாக வந்தால் கேமரா மெக்கானிக்கிடம் போக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் ட்ரைபாட் ஃப்ரேம்களே மந்தமாக இருந்தால் மட்டும் லென்ஸைக் கழற்றிக் கையில் எடுங்கள்.

கழற்றிய லென்ஸின் துளையை முழுதும் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளை பிரிந்தால் பூஞ்சை. பனி படர்ந்தது போல ஒரே சீராக மங்கினால் புகை. பெரும்பாலும் உள்ளே போட்ட எண்ணெய் ஆவியாகிப் படிந்தது, கண்ணாடியை அரிக்காத வரை சுத்தம் செய்துவிடலாம். நாலைந்து தூசி இருப்பது படத்தில் தெரியவே தெரியாது. முன்கண்ணாடியில் ஒரு சிறு கீறல் பெரிய குற்றமில்லை. பின்கண்ணாடியில் அதே கீறல் இருந்தால் பாதிப்பு அதிகம். மேல்பரப்பைச் சுத்தம் செய்ய முதலில் காற்றுப் பந்தால் ஊதி, பிரஷால் தட்டி, அதன் பிறகே மைக்ரோஃபைபர் துணி. திரவத்தைத் துணியில்தான் விட வேண்டும், கண்ணாடியில் விட்டால் ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும்.

இதுவும் சுத்தம் என்றால் கடைசியாக ஒன்று பாக்கி. ஃபிலிம் இல்லாமல் கேமராவின் பின்மூடியைத் திறந்து, ஃபிலிம் ஓடும் உள் தண்டவாளங்களின் மேல் ஒரு துண்டு டிரேசிங் பேப்பரை இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள். ஷட்டரை 'பி'-யில் வைத்துத் திறந்தபடி பூட்டி, லென்ஸை முடிவிலிக்குத் திருப்பி, துளையை முழுதும் திறந்து, தூரத்தில் உள்ள கோபுரத்தையோ மின்கம்பத்தையோ காகிதத்தில் லூப் வைத்துப் பாருங்கள். பிம்பம் அங்கே கூர்மையாக விழாமல், வளையத்தைச் சற்றுத் திருப்பினால் கூர்மையானால், லென்ஸின் முடிவிலி நிறுத்தம் இடம் மாறியிருக்கிறது. பழைய லென்ஸை யாரோ கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, ஃபோகஸ் வளையம் ஓடும் ஹெலிகாய்டு மரையைத் தவறான இடத்தில் கோத்திருப்பார்கள். கண்ணாடிகளில் குறையில்லை, மரையை ஒழுங்காகக் கோத்துக் கொடுத்தால் அதே லென்ஸ் மறுபடி வேலை செய்யும்.